பாதியில் நின்ற ஓவியம்: கொடுத்த முன்பணம் யாருக்குச் சேரும்?

தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த மலாக்கா தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், வரவேற்பறைச் சுவரில் ஒரு படம் மாலையோடு தொங்கும். அடையாள அட்டைப் படத்தையோ பழைய கல்யாணப் படத்தையோ ஓவியரிடம் கொடுத்து, பெரிதாக வரைந்து வாங்கிய அப்பா, அம்மா, தாத்தாவின் உருவம் அது. கடையில் விலை பார்த்து வாங்கும் பொருளல்ல. சொல்லி, முன்பணம் கொடுத்து, காத்திருந்து வாங்குவது.

இப்படிச் சொல்லி வாங்கும் கலை வேலைகள் நம்மிடையே நிறைய உண்டு. ஆலய கோபுரத்துச் சுதைச் சிற்பம், கருவறைச் சுவர் ஓவியம், தமிழ்ப்பள்ளி மதில் ஓவியம், கல்யாண மேடைப் பின்திரை, மாசி மகத்துக்குக் காவடி அலங்காரம், இப்போது கணினியில் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் குடும்பப் படம் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் எல்லாம் வாய்ப்பேச்சில் முடிந்துவிடுகின்றன. வேலை நல்லபடியாக முடிந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. 16ஆம் நாள் காரியம் வந்தும் படம் வராதபோதும், கும்பாபிஷேகத் தேதி குறித்த பிறகு வர்ணக்காரர் வராதபோதும்தான் கேள்வி எழுகிறது: கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா? எவ்வளவு கிடைக்கும்?

“முன்பணம் கொடுத்தால் கொடுத்ததுதான்” என்பது ஒரு பக்கத்தின் பேச்சு. “வேலை முடியவில்லை, ஒரு காசு விடாமல் திருப்பிக் கொடு” என்பது மறுபக்கத்தின் பேச்சு. சட்டம் இரண்டையும் அப்படியே ஏற்பதில்லை. யார் வாக்கு மீறினார், எவ்வளவு வேலை நடந்தது, பணம் கொடுத்தவர் கையில் பயன்படும்படி என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலை வைத்தே தொகை முடிவாகும்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. ஓவியம் வரைய ஒப்புக்கொள்வதற்கு முத்திரைத் தாளோ வழக்கறிஞரோ தேவை என்று அது சொல்லவில்லை. “1,200 வெள்ளிக்கு வரைந்து தருகிறேன்” என்று ஒருவர் சொல்லி, மற்றவர் சம்மதித்து 600 வெள்ளி கொடுத்தால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. எழுத்து இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லாமல் போகாது. நிரூபிப்பதுதான் கடினமாகும். வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்றச் சீட்டு, அனுப்பிய மாதிரிப் படம் எல்லாம் சான்றுகளே.

இந்தச் சட்டத்தில் பிரிவுகளை விளக்கச் சின்னச் சின்ன உதாரணங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றில் சில கலைஞர்களைப் பற்றியவை. ஒருவர் மற்றவருக்குப் படம் வரைந்து தருவதாக வாக்குக் கொடுத்தால், அதை அவரே தம் கையால் செய்ய வேண்டும் என்கிறது 41ஆவது பிரிவின் உதாரணம். ஆகவே, பெயர்பெற்ற ஓவியர் ஒருவரிடம் கொடுத்த வேலையை அவர் சொல்லாமல் கொள்ளாமல் உதவியாளரிடம் தள்ளிவிட முடியாது. குறித்த நாளுக்கு முன் ஓவியர் இறந்துவிட்டால் ஒப்பந்தத்தை அவருடைய வாரிசுகளும் வற்புறுத்த முடியாது, வேலை கொடுத்தவரும் வற்புறுத்த முடியாது என்கிறது 38ஆவது பிரிவின் உதாரணம். ‘அப்பா எடுத்த வேலையை மகன் முடிக்க வேண்டும்’ என்று யாரும் கட்டாயப்படுத்த இயலாது.

படம் வரைவது பொருள் விற்பனையா, சேவையா என்ற கேள்வியும் உண்டு. 1935இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ராபின்சன் எதிர் கிரேவ்ஸ் வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. ஒரு பெண்ணின் உருவப்படத்தை 250 கினிக்கு வரையச் சொன்னவர், வேலை முடியும் முன்பே பின்வாங்கினார். அது துணியும் சாயமும் விற்ற வியாபாரமல்ல, ஓவியரின் திறனையும் உழைப்பையும் வாங்கிய ஒப்பந்தம் என்று நீதிமன்றம் கூறியது.

சேவை என்று கொண்டால், நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சில உத்தரவாதங்களைத் தருகிறது. சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும். நாள் குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும். விலை பேசப்படாவிட்டால் நியாயமான விலைக்கு மேல் கேட்கக் கூடாது. “எப்போது முடிப்பேன் என்று நான் சொல்லவே இல்லையே” என்று ஓவியர் தப்பிக்க முடியாது.

டெபாசிட்டா, பகுதிக் கட்டணமா?

நம்மவர்கள் இரண்டையும் ‘அட்வான்ஸ்’ என்றே சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. வேலை கொடுத்தவர் பின்வாங்க மாட்டார் என்பதற்கு ஈடாகக் கொடுப்பது வைப்புத்தொகை, அதாவது டெபாசிட். மொத்த விலையில் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுப்பது பகுதிக் கட்டணம். வேலை கொடுத்தவரே காரணமில்லாமல் விலகினால் டெபாசிட்டை ஓவியர் பிடித்துக்கொள்ள இடமுண்டு. பகுதிக் கட்டணம் அப்படியல்ல. நடந்த வேலைக்கும் நேர்ந்த இழப்புக்கும் உரியதைக் கழித்துவிட்டு மீதியைத் தர வேண்டிவரும்.

டெபாசிட்டைப் பிடிப்பதற்கும் எல்லை உண்டு. கியூபிக் எலக்ட்ரோனிக்ஸ் எதிர் மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் வழக்கில் 2018இல் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, டெபாசிட் பறிமுதலும் ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவுக்குக் கட்டுப்பட்டதே. பிடிக்கும் தொகை நியாயமானதாக இருக்க வேண்டும். 1,200 வெள்ளி வேலைக்கு 100 வெள்ளி டெபாசிட் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 1,000 வெள்ளியை ‘டெபாசிட்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு முழுவதையும் பிடித்தால் அது நியாயமா என்ற கேள்வி வரும்.

ரசீதின் அடியில் “பணம் திருப்பித் தரப்படாது” என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அந்த வரி ஓவியர் தாமே வேலையைக் கைவிட்ட நிலையில் அவரைக் காப்பாற்றாது. 2010இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம், ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகளை எதிர்க்கவும் வழி தந்துள்ளது.

யார் நிறுத்தினார்?

ஒரே உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். மெர்லிமாவில் ஒரு குடும்பம், காலமான தகப்பனாரின் படத்தை 1,200 வெள்ளிக்கு வரையச் சொல்லி 600 வெள்ளி கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓவியர் பென்சில் கோட்டுப்படம் வரைந்து காட்டினார், குடும்பமும் சம்மதித்தது. அதன்பின் வேலை நின்றுவிட்டது.

ஓவியரே நிறுத்தினால்: குடும்பத்தின் கையில் எதுவும் வரவில்லை. கோட்டுப்படம் ஓவியரிடமே இருக்கிறது. அது அவர்களுக்குப் பயன்படவும் போவதில்லை. இந்த நிலையில் 600 வெள்ளி முழுவதையும் கேட்கலாம். “மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன்” என்பது உண்மையாக இருந்தாலும், வாக்கு மீறியவர் அவர். கோட்டுப்படத்தைக் குடும்பம் விரும்பி எடுத்துக்கொண்டால் அதற்குரிய விலையைக் கழிப்பது நியாயம். பயன் பெற்ற அளவுக்கு விலை தர வேண்டும் என்பதை 66ஆவது பிரிவின் ஓர் உதாரணமும் காட்டுகிறது. இரண்டு மாதம் வாரம் இரு இரவுகள் பாட ஒப்புக்கொண்ட பாடகி, ஆறாம் இரவு வேண்டுமென்றே வரவில்லை. அரங்க உரிமையாளர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், ஆனால் பாடி முடித்த ஐந்து இரவுகளுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும்.

வேலை கொடுத்தவரே நிறுத்தினால்: “மாமா வேறு இடத்தில் மலிவாக வரைந்து தருகிறாராம்” என்று குடும்பம் பின்வாங்கினால் முழுப் பணத்தையும் கேட்க முடியாது. செய்த வேலைக்கும் வாங்கிய பொருளுக்கும், இந்த வேலையை நம்பி மற்ற வேலையை விட்டிருந்தால் அந்த இழப்புக்கும் உரியதை ஓவியர் கழிக்கலாம். இன்னும் தொடங்கவே இல்லையென்றால் கழிப்பதற்குக் காரணம் குறைவு.

யார் மீதும் குற்றமில்லை என்றால்: ஓவியருக்குப் பக்கவாதம் வந்து கை செயலிழந்துவிட்டது, அல்லது அவர் இறந்துவிட்டார். 66ஆவது பிரிவின் இன்னோர் உதாரணம் இதற்கு நெருக்கமானது. கச்சேரிக்கு 1,000 வெள்ளி முன்பணம் வாங்கிய பாடகர் நோயால் பாட முடியவில்லை. கச்சேரி நடத்துபவரின் லாப இழப்புக்கு அவர் பொறுப்பல்ல, ஆனால் வாங்கிய 1,000 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். எதிர்பாராத காரணத்தால் ஒப்பந்தம் நின்றுபோகும்போது, வேலைக்காக முன்பே செலவழித்த தொகையில் நியாயமான பகுதியைப் பணம் வாங்கியவர் வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம். இறந்தவர் வீட்டில் போய்ப் பணம் கேட்கத் தயங்குவது நம் இயல்பு. துக்கம் ஆறிய பிறகு கணக்கோடு பேசுவதில் தவறில்லை. அந்த வீட்டாரும் துணி, சாயம் வாங்கிய ரசீதுகளைக் காட்டிக் கழிக்கச் சொல்லலாம்.

தாமதம் இரு பக்கமும் என்றால்: தெளிவான புகைப்படம் தருவதாகச் சொன்ன குடும்பம் இரண்டு மாதமாகத் தரவில்லை. கோட்டுப்படத்தைப் பார்த்துச் சம்மதமும் சொல்லவில்லை. இந்த நிலையில் தாமதத்துக்கு ஓவியரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பல வழக்குகள் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன. யார் எந்தத் தேதியில் என்ன அனுப்பினார் என்பதை வாட்ஸ்அப் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை முடிந்த பிறகு “முகம் அப்பா மாதிரி இல்லை” என்பது வேறு வகைப் புகார். அது முடியாத வேலையல்ல, தரக் குறைவு பற்றிய புகார். குறையைச் சரிசெய்ய முடியுமானால், சரிசெய்யும் வாய்ப்பை முதலில் ஓவியருக்குத் தர வேண்டும். மறுத்தாலோ நியாயமான காலத்தில் செய்யாவிட்டாலோ வேறொருவரிடம் சரிசெய்து செலவைக் கேட்கலாம், அல்லது ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

நாள் முக்கியம் என்றால் முன்பே சொல்லுங்கள்

16ஆம் நாள் காரியம், திருமணம், கும்பாபிஷேகம் ஆகியவற்றுக்கான வேலை அந்த நாள் கடந்தால் பயனற்றது. ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவின்படி, நாள்தான் முக்கியம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால், நாள் தவறியதும் வேலை கொடுத்தவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். நாள் அவ்வளவு முக்கியமில்லாத வேலையில் தாமதத்துக்கு இழப்பீடு கேட்கலாமே தவிர, உடனே முறிக்க முடியாது.

அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு விதியும் இருக்கிறது. நாள் தவறிய பிறகு “பரவாயில்லை, அடுத்த மாதம் கொடுங்கள்” என்று வேலையை ஏற்றுக்கொண்டால், முதல் தாமதத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடும். ஏற்கும்போதே “தாமதத்தால் ஏற்பட்ட இழப்பைக் கேட்பேன்” என்று அறிவித்திருந்தால் மட்டுமே உரிமை நிற்கும். முகதாட்சண்யத்துக்காகச் சொல்லும் ஒரு வார்த்தை கணக்கை மாற்றிவிடும்.

ஆலய வேலை: கணக்குப் போடும் முறை

ஆலயத் திருப்பணியில் தொகை பெரிது, பணமும் பலருடையது. தோட்ட ஆலயத்துக்கு மாதாமாதம் 10 வெள்ளி, 20 வெள்ளி என்று கொடுத்தவர்கள் கணக்குக் கேட்பார்கள். ஆகவே நிர்வாகத்தினர் ‘முழுப் பணம்’ என்று கோபத்தில் கேட்காமல், இழப்பைச் சரியாகக் கணக்கிடுவது நல்லது.

ஒரு கோபுர வர்ண வேலை 40,000 வெள்ளிக்குப் பேசப்பட்டு, 24,000 வெள்ளி கொடுக்கப்பட்டது என்று கொள்வோம். 15,000 வெள்ளி மதிப்புள்ள வேலை முடிந்த நிலையில் ஒப்பந்தக்காரர் போய்விட்டார். மீதியை முடிக்க வேறொருவர் 29,000 வெள்ளி கேட்கிறார். ஆலயம் மொத்தம் செலவிடப்போவது 24,000 கூட்டல் 29,000, அதாவது 53,000 வெள்ளி. பேசியது 40,000. கூடுதலாக ஆகும் 13,000 வெள்ளிதான் முதல் ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டிய தொகை.

24,000 வெள்ளியையும் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும்? ஆலயத்துக்கு 40,000 வெள்ளி வேலை 29,000 வெள்ளியில் முடிந்துவிடும். சட்டம் இழப்பை ஈடுசெய்யுமே தவிர, லாபம் தராது. அதேபோல் ஒப்பந்தக்காரர் “15,000 வெள்ளி வேலை முடித்துவிட்டேன், 9,000 மட்டும் தருகிறேன்” என்றால் அதுவும் போதாது. அவர் விட்டுப்போனதால்தான் மீதி வேலையின் விலை 4,000 வெள்ளி ஏறியது. அதையும் அவரே ஏற்க வேண்டும்.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் மூன்று சான்றுகள் தேவை. வேலை நின்ற நாளில் எல்லாப் பக்கமும் தேதியோடு எடுத்த புகைப்படம், நடந்த வேலையின் மதிப்பைப் பற்றி வேறொரு ஸ்தபதியோ ஒப்பந்தக்காரரோ எழுதிக்கொடுத்த கடிதம், மீதி வேலைக்கு இரண்டு மூன்று பேரிடம் வாங்கிய விலைப்பட்டியல். இடத்தில் கிடக்கும் சாய டின், சிமெண்டு, சாரம் யாருடையது என்பதையும் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது.

சுதை வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வருவது வழக்கம். வேலை அனுமதிச் சிக்கலால் அவர்கள் நடுவில் திரும்பிப் போகவும் நேரலாம். ஒப்பந்தம் இங்குள்ள ஒப்பந்தக்காரரோடா, அங்குள்ள ஸ்தபதியோடா என்பதை முதலிலேயே தெளிவாக எழுத வேண்டும். கடல் கடந்து போனவரிடம் பணம் வசூலிப்பது இங்குள்ளவரிடம் வசூலிப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

பாதி வரைந்த படம் யாருடையது?

இதற்குப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்க ஓவியர் விஸ்லர், சர் வில்லியம் ஈடன் என்பவரின் மனைவியைப் பாரிசில் வரைந்தார். ஈடன் 100 கினி கொடுத்தார். தொகை போதாது என்று மனம் கசந்த விஸ்லர், படத்தைத் தர மறுத்ததோடு முகத்தையும் அழித்து மாற்றிவிட்டார். 1895இல் தொடங்கிய வழக்கு 1900இல் பிரான்சின் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. படத்தைத் தரும்படி ஓவியரைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து இழப்பீடும் தர வேண்டும், அந்தப் படத்தை வேறு விதமாகப் பயன்படுத்தவும் கூடாது என்பது முடிவு.

பிரெஞ்சுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் பேசித் தீர்க்கும்போது உதவும் எளிய முறை அதில் இருக்கிறது. படம் ஓவியரிடம் நின்றால் பணம் திரும்ப வேண்டும். பணம் ஓவியரிடம் நின்றால் அதற்குரிய வேலை கைமாற வேண்டும்.

பதிப்புரிமையையும் கவனிக்க வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லிச் செய்த படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் சொல்லிச் செய்தவருக்கே போய்ச் சேரும். பணம் திருப்பித் தரப்படும்போது, கோட்டுப்படத்தையும் கணினிக் கோப்பையும் இனி யார் பயன்படுத்தலாம் என்பதைத் தீர்வுக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

பணத்தைவிடப் பெரியது மூலப் புகைப்படம். தோட்டத்தில் வாழ்ந்த பல பெரியவர்களுக்கு இருப்பதே ஒன்றிரண்டு படங்கள். அது ஓவியரிடம் ஒப்படைத்த பொருள். கவனமாக வைத்திருந்து திருப்பித் தருவது அவர் கடமை, பணத் தகராறு தீராவிட்டாலும் அதைக் கேட்டு வாங்கலாம். முதலிலேயே கடையில் ‘ஸ்கேன்’ செய்து நகலைக் கொடுத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

பணம் கேட்கும் முறை

முதலில் நேரில் அல்லது தொலைபேசியில் பேசுவது நம் வழக்கம். பேசியதை அன்றே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். சண்டைச் சொல் வேண்டாம். இப்படி எழுதலாம்:

“அண்ணன் அவர்களுக்கு வணக்கம். என் தகப்பனார் படம் வரைய மார்ச் 2 அன்று 600 வெள்ளி கொடுத்தேன். ஏப்ரல் 10க்குள் தருவதாகச் சொன்னீர்கள். இன்று மே 1, படம் வரவில்லை. மே 15க்குள் படத்தை முடித்துக் கொடுங்கள். முடியாவிட்டால் அன்றோடு இந்த ஒப்பந்தம் ரத்து. 600 வெள்ளியையும் மூலப் புகைப்படத்தையும் திருப்பித் தந்துவிடுங்கள். தவறினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்வேன்.”

14 நாள் என்பது இங்கு நியாயமான அவகாசத்துக்கு ஓர் உதாரணமே. காரியத்துக்காகவே கேட்ட படம், காரியமும் முடிந்துவிட்டது என்றால் அவகாசம் தராமலே ரத்து செய்யலாம். ரத்து செய்வதை ஓவியருக்குத் தெரிவிப்பது அவசியம். மனத்துக்குள் முடிவு செய்துவிட்டு வேறொருவரிடம் போவது போதாது.

எங்கே முறையிடுவது?

வீட்டுக்காகவோ சொந்தப் பயனுக்காகவோ செய்யச் சொன்ன வேலைக்கு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் பொருத்தமான இடம். 50,000 வெள்ளி வரை கோரலாம். முன்பு 25,000 வெள்ளியாக இருந்த வரம்பு 2019இல் உயர்த்தப்பட்டது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. உரிமை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் இரு தரப்பும் தாங்களே பேசலாம். முதல் பாரத்தை நிரப்பி, எதிர்த் தரப்பிடம் சேர்ப்பித்தால், அவர் 14 நாளுக்குள் இரண்டாம் பாரத்தில் பதில் தர வேண்டும். தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் பணம் தராவிட்டால் அது குற்றமாகும். அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம்.

விவரங்களுக்கு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் மலாக்கா மாநில அலுவலகத்தை அணுகலாம், இணையம் வழியாகவும் மனு செய்யலாம். மலாய் மொழியில் பாரம் நிரப்பத் தயங்கும் பெரியவர்களுக்குப் படித்த பிள்ளைகள் உதவலாம். ஓவியர் எந்தப் பெயரில் தொழில் நடத்துகிறார் என்பதை நிறுவனப் பதிவகத்தில் பார்த்துச் சரியான பெயரில் மனு செய்ய வேண்டும். தொழிலாக அல்லாமல் பொழுதுபோக்காக வரைந்து தந்த நண்பர் மீது இங்கு மனு நிற்பது கடினம். பதிப்புரிமைத் தகராறையும் இந்தத் தீர்ப்பாயம் விசாரிக்காது.

தனிநபர் 5,000 வெள்ளிக்குட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையையும் நாடலாம். ஆனால் ஒரே கோரிக்கையை இரண்டு இடத்திலும் நடத்த முடியாது. கோபுர வேலை சொந்தப் பயனுக்கானதல்ல என்பதால் ஆலய நிர்வாகம் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கே போக வேண்டிவரும். அங்கு வரம்பு 100,000 வெள்ளி. சங்கப் பதிவில் உள்ள பொறுப்பாளர் வழியாக, வழக்கறிஞர் துணையோடு செல்வது நல்லது. நீதிமன்றத்தில் ஒப்பந்த வழக்குக்குக் கால வரம்பு 6 ஆண்டுகள்.

போலீஸ் புகார் எப்போது? வேலையைத் தொடங்கி இழுத்தடிப்பது பொதுவாக சிவில் தகராறு. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு, பிறர் வரைந்த படங்களைத் தம்முடையது என்று காட்டிப் பணம் வாங்கி மறைந்தால் அது குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவில் வரும் மோசடி. இணையத்தில் அப்படிப் பணம் போனால் தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணுக்கும் தங்கள் வங்கிக்கும் அழைக்க வேண்டும்.

ஓவியர்கள் கவனத்திற்கு

ஓவியரும் நம் சமூகத்து உழைப்பாளிதான். ஒரு வேலையின் முன்பணத்தில் அடுத்த வேலைக்குச் சாயம் வாங்குவதே பலரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. வேலை நின்றதும் திருப்பித் தரக் கையில் பணம் இருப்பதில்லை. ஒரு கட்டம் முடிந்து சம்மதம் கிடைக்கும் வரை அந்தப் பணத்தைத் தனியே வைத்திருப்பது பாதுகாப்பு.

ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முடிக்க முடியாது என்று தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும். தொலைபேசியை எடுக்காமல் இருப்பதுதான் சிறு தகராறைத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோகிறது. ஒரே தவணையில் பணம் தர முடியாவிட்டால் மாதத் தவணை கேட்கலாம். பணம் தந்து முடித்ததும் “இத்தோடு எல்லாக் கணக்கும் தீர்ந்தது” என்று இருவரும் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று வேண்டும்.

துண்டுச் சீட்டில் எழுத வேண்டியவை

அடுத்த முறை வேலை கொடுக்கும்போது, ஒரே பக்கத்தில் இவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும்:

1. என்ன படம், என்ன அளவு, எந்தச் சாயம், எந்தப் பரப்பில்.
2. மொத்த விலை. அதில் டெபாசிட் எவ்வளவு, பகுதிக் கட்டணம் எவ்வளவு.
3. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். உதாரணமாக, கோட்டுப்படம் சம்மதமானதும் 20 விழுக்காடு, பாதி வர்ணத்தில் 40, முடிந்து கையில் தந்ததும் 40. சட்டம் விழுக்காடு எதையும் சொல்லவில்லை, இருவரும் பேசி முடிவு செய்வதுதான்.
4. முடிக்கும் நாள். விசேஷத்துக்காக என்றால் அந்த விசேஷத்தின் பெயரும் தேதியும்.
5. எத்தனை முறை திருத்தம் செய்து தருவார்.
6. எந்தக் கட்டத்தில் யார் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும்.
7. மூலப் புகைப்படம் கொடுக்கப்பட்டதா, எப்போது திரும்பும்.

இந்தச் சீட்டை இரண்டு பிரதியாக எழுதி, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து இருவரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டால் தாள் தொலைந்தாலும் கவலையில்லை. வேலை முடிந்து, பணம் முழுதும் கைமாறி, படம் சுவரில் ஏறும் வரை அந்த உரையாடலை அழிக்க வேண்டாம்.